பர்சிலா கொண்டுவந்த மெத்தைகள்

மார்ச் 4

இன்றோடு பதினோரு நாள். என் வீட்டுக்காரர் இன்னும் கண் திறந்து பேசவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கிடக்கும் நாற்காலிகளில் எது ஆடும், எது ஆடாது என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ராத்திரி தூக்கம் வராமல், மருந்துக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இதுவரை எட்டிப் பார்க்காதவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். அவர் வேலை வாங்கிக் கொடுத்தவர்கள், எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிப் படித்தவர்கள், ஆராதனையில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள். பதினேழு பேர். எழுதி முடித்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இன்னும் இரண்டு பெயர்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 6

பைபிளில் இரண்டு சாமுவேல் 15ஆம் அதிகாரம். பெற்ற மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா எருசலேமை விட்டு ஓடுகிறான். தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவமலை ஏறுகிறான். இதெல்லாம் சின்ன வயதிலேயே கேட்ட கதை. ஆனால் கர்த்தர் கூட இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டி விஷயத்தை நான் சரியாகக் கவனித்ததே இல்லை. ஆசாரியனான சாதோக்கு பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டான். தாவீது அதைத் திருப்பி நகரத்துக்கே கொண்டுபோகச் சொல்கிறான். கர்த்தருக்குச் சித்தமானால் என்னைத் திரும்ப வரப்பண்ணுவார், என்மேல் அவருக்குப் பிரியமில்லை என்றால், "இதோ, இங்கே இருக்கிறேன்" என்கிறான்.

தாவீதுக்கு முன்னால், ஆசாரியன் ஏலியின் காலத்தில் அதே பெட்டியை ஜெயிக்கலாம் என்று போர்க்களத்துக்குத் தூக்கிப் போனார்கள். தோற்றதோடு பெட்டியையும் எதிரிகளான பெலிஸ்தரிடம் பறிகொடுத்தார்கள். தாவீதுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

என் ஜெபமெல்லாம் பதிமூன்று நாளாகப் பேரம்தான். இவரைப் பிழைக்க வைத்தால் நான் இதைச் செய்கிறேன், அதை விட்டுவிடுகிறேன். இன்று "இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே குரல் நடுங்கியது. முழுமனதோடு சொன்னேனா என்று கேட்டால், இல்லை.

மார்ச் 7

காய்ச்சல் திரும்பவும் ஏறியிருக்கிறது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. மூன்றாம் சங்கீதத்தின் தலைப்பைப் பார்த்தால், அப்சலோமுக்குத் தப்பி ஓடின நாட்களில் தாவீது பாடினதாம். அதிலே "நான் படுத்து நித்திரைசெய்தேன்" என்று ஒரு வரி. அந்த நிலைமையில் ஒரு மனுஷன் எப்படித் தூங்கினான்!

மார்ச் 9

இரண்டு சாமுவேல் 17ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்கள். தாவீதும் கூட வந்தவர்களும் யோர்தானைத் தாண்டி மக்னாயீமுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே மூன்று பேர் சாமான்களோடு வந்து நிற்கிறார்கள். கோதுமை, மாவு, பயறு, தேன், வெண்ணெய், ஆடு என்று பட்டியல் நீளுகிறது. ஆனால் அதில் முதலாவது என்ன தெரியுமா? மெத்தைகள். கேட்காமலே இதைக் கொண்டுவரத் தோன்றியிருக்கிறது என்றால், கொண்டுவந்தவர்களில் ஒருவனாவது கட்டாந்தரையில் படுத்துப் பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

இதைப் படித்த பிறகுதான் போர்வை ஞாபகம் வந்தது. வந்த மூன்றாம் நாள் ராத்திரி குளிரில் குறுகி உட்கார்ந்திருந்தேன். தரை துடைக்க வந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய், தன் பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்துவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன். அதைப் போர்த்திக்கொண்டேதான் அந்தப் பத்தொன்பது பெயரையும் எழுதியிருக்கிறேன்.

நோட்டில் வேறொரு பக்கம் திருப்பினேன். போர்வை அம்மா. பெயர் தெரியாததால் அப்படித்தான் எழுத முடிந்தது. அப்புறம், ஊசி போடும்போது அவரிடம் "அண்ணா, கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போடும் நர்ஸ் தங்கச்சி. அவருக்குக் காதில் விழுகிறதோ இல்லையோ, ஒரு தடவைகூட அவள் சொல்லாமல் போட்டதில்லை.

மார்ச் 10

அந்த மூன்று பேரையும் தேடிப் படித்தேன். ஒருவன் சோபி, அம்மோனியன், நாகாசின் மகன். நாகாஸ் தனக்குத் தயவு செய்தான் என்று தாவீதே 10ஆம் அதிகாரத்தில் சொல்கிறான். இன்னொருவன் லோதேபார் ஊரானான மாகீர். தாவீதின் உயிர் நண்பன் யோனத்தானின் ஊனமுற்ற மகன் மேவிபோசேத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன். தாவீது மேவிபோசேத்தைத் தேடிக் கண்டுபிடித்து ராஜபந்தியில் உட்காரவைத்தது மாகீரின் வீட்டிலிருந்து அழைத்துவந்துதான். இப்போது அதே மாகீர் தாவீதுக்கு மெத்தை கொண்டுவருகிறான். அதனால்தான் வந்தான் என்று வேதம் சொல்லவில்லை, நானாக முடிச்சுப் போடுகிறேன். ஆனாலும் இத்தனை வருஷம் இந்தப் பெயர்களைத் தாண்டித் தாண்டித்தானே படித்திருக்கிறேன்!

மூன்றாவது ஆள் பர்சிலா. எண்பது வயது. அவன் ஏன் வந்தான் என்பதற்கு முன்கதை எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 15

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்! தண்ணீர் கேட்டார். இரண்டாவதாகக் கேட்டது, "யார் யாரெல்லாம் வந்தா?" நான் நோட்டை மூடி வைத்தேன்.

மார்ச் 16

தாவீது சாகக் கிடக்கும்போது மகன் சாலொமோனிடம் பேசுகிறான். ஒன்று இராஜாக்கள் 2, ஏழாம் வசனம்: பர்சிலாவின் பிள்ளைகளுக்குத் தயவுசெய், நான் அப்சலோமுக்குத் தப்பி ஓடினபோது அவர்கள் என்னை ஆதரித்தார்கள். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மறக்கவில்லை. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

எட்டாம் வசனத்தைப் படிக்காமல் நிறுத்தியிருக்கலாம். அதே ஓட்டத்தில் தன்னைச் சபித்துக் கல்லெறிந்த சீமேயியின் பெயரும் வருகிறது. அவனையும் மறக்கவில்லை. அன்றைக்கு ஆணையிட்டு மன்னித்தவன், இப்போது மகனிடம் அவன் நரைமயிரை இரத்தத்தோடே பாதாளத்தில் இறங்கப்பண்ணு, அதாவது கொன்றுவிடு, என்கிறான். பிரசங்கங்களில் ஏழாம் வசனத்தைத்தான் கேட்டிருக்கிறேன். எட்டை யாரும் தொடுவதில்லை. அது ராஜ்யத்தின் பாதுகாப்புக்காக என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கென்னவோ, கர்த்தருக்கு முன்னால் "இங்கே இருக்கிறேன்" என்று நின்ற அதே மனுஷனுக்குள் இந்த இரண்டு பக்கமும் கடைசிவரை இருந்ததாகத்தான் தெரிகிறது. என் நோட்டிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. பெயர்ப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. இரண்டாவது பக்கம் மட்டும் மடமடவென்று நிறைகிறது.

மார்ச் 24

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். போர்வையைத் துவைத்து, மடித்து, கூடவே ஒரு புதுப் போர்வையும் வைத்து அந்த அம்மாவைத் தேடிப் போனேன். தாவீதும் ஊர் திரும்பும்போது பர்சிலாவைத் தன்னோடு எருசலேமுக்குக் கூப்பிட்டான். கிழவன் வரமாட்டேன் என்றுவிட்டான். சாப்பாட்டில் ருசி தெரியாது, பாட்டு காதில் விழாது, நான் எதற்கு உமக்குப் பாரமாக?

"எந்தப் போர்வைங்கக்கா?" என்றார் அவர். நான் எவ்வளவோ விளக்கியும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. "யாருக்காச்சும் குடுத்திருப்பேன், குளிருதில்ல இங்க." பழையதை வாங்கிக்கொண்டார். புதியதை என்னிடமே திருப்பித் தந்து, நாற்காலி வரிசைப் பக்கம் தலையை ஆட்டினார். அங்கே ஒரு பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது.

போய் அவன் மடியில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த நாற்காலி ஆடும் தம்பி, அந்த ஓரத்துல இருக்கறதுல போய் உட்காரு."