நூலகத்தின் தமிழ் அலமாரிகள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த யாரைக் கேட்டாலும், துங்கு சான்சலர் மண்டபத்தின் முன் அங்கியோடு நிற்கும் படத்தைத்தான் நீட்டுவார்கள். கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வடிவமைத்த, பூச்சில்லாத கான்கிரீட் மண்டபம். 1966இல் எழுந்தது, 2001இல் தீப்பிடித்து, மறுபடி கட்டினார்கள். நல்ல கட்டடம்தான். ஆனால் இந்த ஆண்டு சேரும் நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது நூலகத்தின் தமிழ்ப் பகுதியை.

1950களில் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது என்றதும், பாடம் சமஸ்கிருதமா தமிழா என்று வாக்குவாதம் கிளம்பியது. 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. தமிழ்தான் வேண்டும் என்று எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலை மிதிக்க வழியே இல்லாத தொழிலாளர்கள் கொடுத்த வெள்ளியும் அதில் உண்டு. அந்தப் பணம் தமிழ் நூல்களானது. 1956இல் துறை தொடங்கியது, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் துறைத் தலைமையேற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடே இந்த ஊரில்தான் நடந்தது.

என் பாட்டி கோல சிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர். அவரைப் போன்றவர்களின் காசில் வந்த நூல்கள் என்று தெரிந்த பிறகு, அந்த அலமாரிப் பக்கம் போனாலே எனக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

நான் படித்தது 90களில். பிங்க் நிற மினி பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கினால் நேரே நூலகம்தான். சைவ சித்தாந்தக் கழகப் பதிப்பு அகநானூறு ஒன்று இருந்தது. தாள் பழுப்பேறி, ஓரத்தை மடித்தால் ஒடிந்துவிடும். கடைசிப் பக்கச் சீட்டில் ஊதா மையில் தேதி முத்திரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சீட்டு நிறைய. எத்தனை பேர் கையில் இருந்திருக்கிறது!

அப்புறம் பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டி. வந்து குவியும் கதைகளைப் பிரித்து, விடுதியில் விடிய விடிய மெய்ப்புத் திருத்துவோம். கேண்டீன் மூடியிருக்கும், மைலோவும் மெகி மீயும்தான் துணை. மேற்கோளில் சந்தேகம் வந்தால் சீனியர் அக்கா, "காலையில நூலகத்துல பார்த்துட்டு வா, யூகிக்காதே" என்பார். நான் இன்றும் ஆசிரியராக அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது படிக்கும் அண்ணன், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். புது மாணவர்களை முதல் வாரத்திலேயே அங்கே கூட்டிப்போய், யார் காசில் வாங்கிய நூல்கள் என்று சொல்லிக் கொடுங்கள். அப்படியே ஆளுக்கொரு நூலை இரவல் எடுக்க வையுங்கள்.