இலை கொட்டினால் இளவேனில்

மாசி பிறந்துவிட்டால் விடியற்காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வசந்தத்தின் அடையாளம் தேடி வளவை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

திருகோணமலையில் ஏது வசந்தம் என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். எங்கள் ஊர்க் குளிர் என்றால் இரவில் 24 பாகை. அதற்கே அம்மா காதை மூடித் துவாய் கட்டிக்கொள்வார். எங்களுக்கு மாரி என்பது மழைதான். ஆண்டுக்குப் பெய்கிற சுமார் 1600 மில்லிமீற்றரில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். தையிலும் விட்டுவிட்டுப் பெய்யும். மதிலெல்லாம் பாசி, கிணற்றில் எட்டித் தொடலாம் போலத் தண்ணீர். இந்த ஈரம் காய்ந்தால்தான் மரங்களுக்கு அடுத்த வேலை.

அக்கா இங்கிலாந்தில், லெஸ்ரரில் இருக்கிறார். பெப்ரவரியில் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது முழுக்க ஸ்னோடிராப் என்கிற வெள்ளைப் பூவின் படங்கள்தான். குமிழுக்குள் போன வருடமே சேர்த்துவைத்த சாப்பாட்டை நம்பி அந்தச் செடி எழும்புகிறது; இறுகிக் கிடக்கும் மண்ணைத் துளைக்க இலைநுனி தடித்திருக்குமாம். நான் பதிலுக்கு மொட்டை மரங்களைப் படமெடுத்து அனுப்புவேன். "இங்க இலை கொட்டினா குளிர் வரப்போகுது எண்டு அர்த்தம். நீ என்னடி கொட்டுற இலையைப் பார்த்துச் சந்தோஷப்படுறாய்?" என்பார். இங்கே அப்படித்தான் அக்கா. இலையைக் கொட்டிவிட்டுத்தான் பூக்கும்.

முதலில் கொட்டுவது முள்முருக்கு. வேலி மூலையில் நிற்பது அக்காவின் கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்காலாக, முதல் காலாக ஊன்றிய தடி. துளிர்த்து, கூரைக்கு மேலே போய்விட்டது. தை கடைசியில் இலை மஞ்சளாகி உதிர, முள்ளும் கொப்புமாக நிற்கும். "இலை கூட்டுறதே உமக்கு வேலையாப் போச்சு, வெட்டிவிடுவம்" என்று என் கணவர் வருடா வருடம் சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொப்பு நுனியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்: மெல்லிய மயிர் போர்த்த பழுப்பு மொட்டுகள், புலிநகம் மாதிரி வளைந்தபடி. ஒன்றிரண்டில் மட்டும் வெடிப்பு விட்டு உள்ளே சிவப்புத் தெரியும். அதைக் கண்டால் எனக்கு அன்றைய பொழுது போதும்.

பூ விரிந்த பிறகு எங்களுக்கு அலாரம் தேவையில்லை. மைனா, காகம், தேன்சிட்டு, அணில் எல்லாம் தேனுக்கு அடிபடும். கீழே உதிர்ந்த பூவுக்கு மான் வரும். ஆம், மான்தான். பிரெட்றிக் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி நகர வீதிகளில் திரிகிற புள்ளிமான்கள். சுற்றுலா வருகிறவர்கள் பிஸ்கட் கொடுத்துப் படமெடுக்கிறார்கள். ஒருநாள் படலையைத் திறந்துவைத்துவிட்டு அடுத்தநாள் செவ்வந்தி நாற்றுகளைத் தேடிப் பார்த்தால் தெரியும், அவை எவ்வளவு அழகு என்று.

கறுத்தக்கொழும்பான் மாமரம் இலையைக் கொட்டாது. ஆனால் அதற்கும் ஓய்வு வேண்டும். வேரடி கொஞ்சம் காய்ந்து, இரவும் கொஞ்சம் குளிர்ந்தால் கொழுந்து விடுவதை நிறுத்தும். அப்புறம் முற்றிய கொப்புகளின் நுனி மொட்டு பருக்கும். மழை இழுத்துக்கொண்டே போன வருடங்களில் பருத்த மொட்டிலிருந்து பூவுக்குப் பதிலாகச் செம்புநிறக் கொழுந்து வரும். பார்க்க வடிவு, தின்ன மாம்பழம் இல்லை. அம்மா இதற்கு விட்டுக்கொடுக்க மாட்டார். கூட்டிய சருகை மரத்தடியில் குவித்துப் புகை போடுவார். புகைக்கு மாமரம் பூக்கும் என்பது அவருடைய அம்மா காலத்து நம்பிக்கை. நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

பூத்தாலும் நிம்மதி இல்லை. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண்பூ. மிச்சத்தை மாசிப்பனியோடு வருகிற சாம்பல்நோயும் தத்துப்பூச்சியும் பங்கு போட்டுக்கொள்ளும். கொத்தை மெதுவாக உலுப்பிப் பார்ப்பேன். தத்துப்பூச்சி இருந்தால் முகத்தில் வந்து விழும். கீழிலைகள் பிசுபிசுவென்று ஒட்டினாலும் அதுதான்.

காதுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்து மாரியை இங்கே கழிக்கும் ஆறுமணிக்குருவி, விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் இரண்டு விசிலாகக் கூப்பிடும். பங்குனி தாண்டினால் முட்டையிட வடக்கே போய்விடும். வந்த நாளைச் சட்டென்று சொல்லிவிடலாம். போன நாளைப் பிடிப்பதுதான் கஷ்டம். சத்தம் இல்லை என்று உணரும்போது அது போய்ச் சில நாளாகியிருக்கும். அந்த இடைவெளியில் குயில் தொடங்கிவிடும்.

இந்த வாரம் வேம்பின் முறை. மஞ்சள் இலை முற்றம் முழுக்க, மேலே செந்துளிர் எட்டிப் பார்க்கிறது. துளிர் பச்சையாகி, பங்குனிக் கடைசியில் பூ உதிரத் தொடங்கும். வடகத்துக்கு உளுந்து சொல்லிவைத்துவிட்டேன், பூப் பொறுக்கப் பழைய சேலையும் எடுத்துவைத்தாயிற்று. அக்காவுக்கு இரண்டு போத்தல் வேண்டுமாம். ஓகஸ்டில் வரும்போது அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.