லெந்து நாட்களில் ஓர் அழைப்பு

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் சொல்லிவிட்டேன். இறையியல் படிக்க வேண்டும், மருத்துவமனைகளில் நோயாளிகளோடு இருக்கிற ஊழியம் செய்ய வேண்டும் என்று. "எப்போதிலிருந்தும்மா இந்தப் பாரம்?" என்று கேட்டார். சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் இன்ன நாள், இன்ன வசனம் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. காந்தி ரோட்டு மருந்துக்கடையில் நிற்க நிற்க வந்ததுதான். "ஈஸ்டர் வரைக்கும் இந்த லெந்து நாட்கள் முழுக்க ஜெபம் பண்ணு, அப்புறம் பேசுவோம்" என்றார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

எங்கள் கடைக்கு வங்காளத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். இங்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து, பக்கத்து லாட்ஜ்களில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் பேசிப் பேசியே கொஞ்சம் வங்காளம் வந்துவிட்டது.

இன்று ஓர் அம்மா. கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும். ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் பரப்பினார். மருந்தை எடுத்து, காலைக்கு இது, ராத்திரிக்கு இது என்று அட்டையில் கோடு போட்டுக் காட்டினேன். பணம் கொடுத்த பிறகும் போகவில்லை. நாளைக்குக் கணவருக்கு ஆபரேஷன், இந்த ஊரில் யாரையும் தெரியாது, நீ வந்து என்னோடு உட்காருவாயா என்று கேட்டார்.

பிப்ரவரி 28, புதன்

கடையில் சொல்லிவிட்டுப் போனேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். ஜெபிக்கட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்தார். தமிழில்தான் ஜெபித்தேன், என் கையை அவர் விடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 9, சனி

ஆயரிடம் இதைச் சொன்னபோது அவர் சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிப் பேசினார். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, தாயின் உடல்நிலைக்காகத் திண்டிவனம் வந்தாரே தவிர, மிஷனரியாக இருக்கும் எண்ணமே இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர், ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

வந்தவர்களில் ஒருவரும் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் ஆண்டவர் அவர்கள் வாயாலேயே அந்தப் பெண்ணை அழைத்தார். அதைத்தான் இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அழைப்பு வந்தது என்று மறுநாளே அவர் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. போய்ப் படித்தார். 1899-இல் கார்னெலில் பட்டம், 1900-இல் வேலூர், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பாரம் இருக்கிறது, படிப்பு எதற்கு என்று எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அண்ணன் கேட்டார். துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசக்கூடாது என்று தெரிந்துகொள்ளவாவது நான் படித்துத்தான் ஆக வேண்டும்.

மார்ச் 16, சனி

அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று பேசினார். "சீட்டுப் பணம் உன் கல்யாணத்துக்குத்தான் கட்டினேன். படிப்புக்கு எடுத்துக்கோ. கல்யாணமே வேண்டாம்னு மட்டும் சொல்லாதே." அப்படிச் சொல்லமாட்டேன் அம்மா என்றேன். மனது லேசாகிவிட்டது.

மார்ச் 25, திங்கள்

சாயங்காலம் சபைக் கமிட்டி கூடியது. வேதத்தில் சிறுவன் சாமுவேலைக் கூப்பிடுவது ஆண்டவர்தான் என்று ஆசாரியர் ஏலிக்கே மூன்றாம் தரம்தான் புரிந்தது, நாமும் பொறுமையாகக் கேட்போம் என்று ஆயர் ஆரம்பித்தார். "பெண்பிள்ளையால் ராத்திரி பகல் பாராமல் வார்டில் நிற்க முடியுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஐயா, அன்றைக்கு அந்த வங்காளத்து அம்மா பயந்துபோய் ஒரு பெண்ணைத்தான் கூப்பிட்டார்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பரிந்துரைக் கடிதம் பேராயர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே நேர்காணல் இருக்கும். நாளை கடை முதலாளியிடம் சொல்ல வேண்டும். வங்காளம் பேசுகிற ஓர் ஆளைப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலையை விடுவேன் என்பதையும் சேர்த்து.