நரம்புப்பெப்தைட்டுகளும் என்பும்: பிழையாகப் படித்துத் திருத்திக்கொண்ட ஒரு பாடம்

பட்டப்பின் மருத்துவப் பரீட்சையின் முதற் பகுதிக்காக வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்து படித்த காலத்தில், நரம்புகள் வெளிவிடும் சிறு புரதச் சங்கிலிகளான நரம்புப்பெப்தைட்டுகளை நான் ஓர் அட்டவணையாகவே மனனம் செய்திருந்தேன். பதார்த்தம் பி அழற்சியைக் கூட்டும், வீ.ஐ.பி. (VIP) அதைக் குறைக்கும், சீ.ஜி.ஆர்.பி. (CGRP) என்பை வளர்க்கும் என்று ஒவ்வொரு பெப்தைட்டின் பெயருக்கும் எதிரே கூட்டலோ கழித்தலோ இட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். மாதிரி வாய்மொழிப் பரீட்சையொன்றில், மூட்டுகளில் நீடித்த அழற்சி ஏற்படும் முடக்குவாதத்தில் சீ.ஜி.ஆர்.பி. நன்மையா தீமையா என்று கேட்டார்கள், நன்மை என்றேன். அப்படியானால் மூட்டில் அது இருக்கும்போதே மூட்டு ஏன் சிவந்து வீங்குகிறது என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

குறியைப் பெப்தைட்டின் பெயருக்கு எதிரே அல்ல, அது சென்று சேரும் கலத்துக்கு எதிரே இட வேண்டும் என்பது அதன் பிறகுதான் விளங்கியது. 37 அமினோ அமிலங்கள் கொண்ட சீ.ஜி.ஆர்.பி., கல்சிற்றோனின் என்ற தைரொயிட்டு ஓமோனைத் தரும் அதே பரம்பரையலகின் ஆர்.என்.ஏ. நரம்புக்கலத்தில் வேறுவிதமாக வெட்டி ஒட்டப்படுவதால் உருவாவது. கல்சிற்றோனினைப் போலவே அதுவும் என்பை அரிக்கும் ஒஸ்டியோகிளாஸ்டை அடக்குகிறது. என்பை ஆக்கும் ஒஸ்டியோபிளாஸ்டைத் தூண்டவும் செய்கிறது. ஆனால் குருதிக்கலனில் அதே மூலக்கூறு வலிய விரிவாக்கி. பதார்த்தம் பி கலனின் சுவரைக் கசியச் செய்ய, இரண்டும் சேர்ந்து மூட்டைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கின்றன.

பதார்த்தம் பி 1931இல் கண்டறியப்பட்டது, 11 அமினோ அமிலங்கள் கொண்டது, கல மேற்பரப்பிலுள்ள என்.கே.1 வாங்கியில் இணைவது. மூட்டுச் சவ்வின் கலங்களையும் பெருவிழுங்கிகள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களையும் அது தூண்டும்போது டீ.என்.எஃப்., இன்டர்லூக்கின் 1, 6 ஆகிய அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள் வெளிப்பட்டு, ஒஸ்டியோகிளாஸ்ட் உருவாகத் தூண்டும் ரேங்க் லிகண்டைக் கூட்டி, ஒஸ்டியோகிளாஸ்டுகளைப் பெருக்குகின்றன. பரீட்சை விடையை இந்தச் சங்கிலியோடு நிறுத்துவோரே அதிகம். கல வளர்ப்பில் அது என்பாக்கும் கலங்களையும் தூண்டுவதைக் குறிப்பிடுவோர் சிலரே.

விடையைத் தொடங்க எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய மருத்துவ அவதானம். பாரிசவாதத்தால் ஒரு புறம் செயலிழந்தவருக்குப் பின்னர் முடக்குவாதம் வந்தால், செயலிழந்த புறத்து மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நரம்பின் பங்கை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது. அசைவின்மையும் காரணமாகலாம் என்ற ஒரு வரியைச் சேர்ப்பது நேர்மை.

28 அமினோ அமிலங்கள் கொண்ட வீ.ஐ.பி. தொடர்பில் அவசரப்பட வேண்டாம். 2001இல் வெளியான ஆய்வில் அது எலிகளின் மூட்டழற்சியைத் தணித்தது. எனினும் குருதியில் நொதியங்கள் அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடுவதால், எலியில் கண்டதைச் சிகிச்சை என்று எழுதக் கூடாது. இன்னொரு நரம்புப்பெப்தைட்டான நியூரோபெப்தைட்டு வை பற்றி, எலியின் மூளையிலுள்ள ஐப்போதலமசில் அதன் வை2 வாங்கியை நீக்கினால் என்பு கூடுகிறது என்பது போதும்.

நான் உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் கற்றவன். ஆகவே கலம், வாங்கி, விளைவு என்று முதலில் தமிழில் வரைந்து, பின்னர் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினேன். இரண்டு முறை எழுதுவது நேர விரயம் என்று நண்பர்கள் சொன்னாலும், விளங்காத இடம் தமிழில்தான் உடனே பிடிபட்டது. அப்படி வரைந்து முடித்தவர்கள் ஒரு கேள்வியைத் தாமே கேட்டுப் பார்க்கலாம்: 2018இல் அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்கு அனுமதி பெற்ற எரெனுமாப், சீ.ஜி.ஆர்.பி. வாங்கியையே மறிக்கிறது, அப்போது ஒஸ்டியோகிளாஸ்டுக்கு எதிரே எந்தக் குறியை இடுவீர்கள்?