14 மில்லிமீட்டர்

பிஎச்டி ரெண்டாவது வருஷம் முழுக்க ஷிஃப் பேஸ்தான், அதாவது ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து இமீன்ங்கற பிணைப்போட உருவாகற காம்பவுண்டு. சாலிசிலால்டிஹைடையும் ஒரு அமீனையும் எத்தனால்ல போட்டு, ரெண்டு சொட்டு கிளேசியல் அசிட்டிக் ஆசிட் விட்டு, மூணு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் பண்ணி (ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளயே விழற மாதிரி கொதிக்கவிட்டு) ஐஸ்ல வெச்சா மஞ்சளா படிகம் இறங்கும், பார்க்கவே அழகா இருக்கும். செய்யறது ஈஸிங்கறதாலதான் பாதிப்பேர் இதையே செய்யறாங்க, நானும்தான், மறைக்க என்ன இருக்கு.

இது பாக்டீரியாவை வளரவிடாம தடுக்குதான்னு டெஸ்ட் பண்ண பக்கத்து மைக்ரோபயாலஜி லேப். அங்க இருந்த அக்கா, பாக்டீரியா கல்ச்சரோட கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டுக்கு (பாக்டீரியா எவ்வளவு அடர்த்தின்னு சொல்ற அளவு) வரலைன்னா பிளேட்ல தடவவே விடமாட்டாங்க. பாக்டீரியா வளர்க்கற முல்லர் ஹிண்டன் அகார் ஜெல்லில 6 மில்லிமீட்டர் குழி போட்டு காம்பவுண்டை ஊத்தி, ஒப்பிட்டுப் பார்க்க ஓரமா ஒரு சிப்ரோஃப்ளாக்ஸசின் ஆன்டிபயாடிக் டிஸ்க் வெச்சு, 37 டிகிரில ஒரு ராத்திரி.

காலைல பார்த்தா ஈ. கோலை பிளேட்ல ஒண்ணுமே இல்ல, அதோட வெளிச்சவ்வு லேசுல எதையும் உள்ள விடாது. ஆனா ஸ்டாஃபைலோகாக்கஸ் பிளேட்ல என் நாலாம் நம்பர் காம்பவுண்டை சுத்தி பாக்டீரியா வளராம பளிச்சுனு ஒரு வட்டம். ஸ்கேல் வெச்சா 14! அம்மாவுக்குக்கூட போட்டோ அனுப்பிட்டேன், "என்னடா இது, ஊத்தப்பமா"ன்னாங்க.

அக்கா பிளேட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, டிஎம்எஸ்ஓ மட்டும் தனியா ஊத்துனீங்களா?"

ஊத்தல. காம்பவுண்டு தண்ணில கரையாதுன்னு டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்லதான் கரைச்சிருந்தேன், அளவு கூடினா அதுவே பாக்டீரியாவை வளர விடாது. மறுபடி போட்டோம், டிஎம்எஸ்ஓவுக்கு 8, எனக்கு அதே 14. அப்பாடான்னு இருந்துச்சு. கைடு மட்டும் ஸ்டாக் (கரைச்சு வெச்சிருந்த பாட்டில்) எப்ப கரைச்சதுன்னு கேட்டார். பத்து நாள் ஆச்சு சார். கலவைல இருக்கறதை தனித்தனி ஸ்பாட்டா பிரிச்சுக் காட்டற டிஎல்சி டெஸ்டை ஓட்டச் சொன்னார், ஓட்டினா ஆல்டிஹைடு ஸ்பாட் ஜம்முனு நிக்குது. டிஎம்எஸ்ஓ காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், அந்தத் தண்ணில இமீன் உடைஞ்சு பழையபடி ஆல்டிஹைடாயிருக்கு. வெறும் சாலிசிலால்டிஹைடை ஊத்தினா அதுவும் வட்டம் போடுது!

ஆறுதலுக்கு சார் ப்ரான்டோசில்ங்கற பழைய பாக்டீரியா எதிர்ப்பு மருந்தோட கதை சொன்னார். அதை பிளேட்ல வெச்சா ஒரு கிருமி சாகாது, உடம்புக்குள்ள உடைஞ்சு சல்ஃபானிலமைடு ஆனாத்தான் வேலை செய்யும்னு 1935ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல கண்டுபிடிச்சாங்களாம். சரிதான், அது உடம்புக்குள்ள உடைஞ்சுது, என்னோடது பாட்டிலுக்குள்ளயே உடைஞ்சுடுச்சு.

இப்பல்லாம் அன்னன்னிக்கு எடை போட்டுத்தான் கரைக்கறேன். டிஎம்எஸ்ஓவுக்கு ஒரு குழி, ஆல்டிஹைடுக்கு ஒண்ணு, அமீனுக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் என் காம்பவுண்டுக்கு பிளேட்ல இடமே பத்தல.