வீடு அக்காவுக்கு, கல்லூரி எங்களுக்கு

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவனுக்கு, தான் வளரும் வீடு தனக்கில்லை என்பது விபரம் தெரியத் தொடங்கும்போதே விளங்கிவிடும். எங்கள் வீட்டிலும் யாரும் என்னை இருத்திவைத்துச் சொல்லவில்லை. "பிள்ளையின்ரை கலியாணத்துக்கு முதல் இந்த விறாந்தைக்குச் சீமெந்து போடவேணும்" என்று அப்பா சொல்லுவார். பிள்ளை என்றால் அக்கா. அம்மாவுக்கு அந்த வீடு அம்மம்மாவிடமிருந்து சீதனமாக வந்தது. அக்காவுக்கு அம்மாவிடமிருந்து போகும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலும் சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே எங்கள் ஆட்கள் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எங்கள் ஒழுங்கைகளின், அதாவது வீடுகளுக்கு நடுவால் போகும் சிறு தெருக்களின், வடிவத்தையே தீர்மானித்தது. ஒரு வளவைத் துண்டு துண்டாகப் பிரித்து மகள்மாருக்குக் கொடுத்தபடியால், வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சின்னம்மா, பின்வளவில் பெரியம்மா. நடுவில் பங்குக் கிணறு. காணி உறுதியில் "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு" என்று எழுதியிருக்கும். விடியக்காலையில் துலா இறங்கும் சத்தத்தை வைத்தே தண்ணி அள்ளுவது யார் என்று அம்மா சொல்லிவிடுவா. ஒழுங்கையின் பெண்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். ஆண்கள் கரவெட்டியிலிருந்தோ அல்வாயிலிருந்தோ மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர்கள். எங்களையும் ஒருநாள் வேறொரு ஒழுங்கை எடுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கென்று இருந்தது பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிதான். வெளிநாட்டுக்கு வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் ஹாட்லி ஆட்கள் நாலுபேர் சேர்ந்தால் வீட்டுக்கதை குறைவாகவும் கல்லூரிக்கதை கூடவாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

கல்லூரியின் வரலாறு எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் வேறு பக்கங்களில் வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1838இல் வெஸ்லியன் மிஷன் பாடசாலையாகப் பேர்சிவல் பாதிரியார் தொடங்கியது. ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்தான். ஹாட்லி என்ற பெயர் 1916இல் வந்தது. பக்கத்து வெளிச்சவீடு எழும்பியதும் அதே ஆண்டில். நாங்கள் படித்த எழுபதுகளிலும் பூரணம்பிள்ளை அதிபரின் காலத்தைப் பற்றி ஆசிரியர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

கடல் அவ்வளவு கிட்ட. சோளகம் ஓய்ந்து வாடைக்காற்றுத் தொடங்கினால் யன்னல் கதவுகளைக் கொளுவி வைக்கவேண்டும். கொளுக்கிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, தொட்டால் விரலில் செம்மண் நிறத்தில் ஒட்டும். மாரியில் சோக்கட்டி ஈரத்துக்கு ஊறிப்போய் கரும்பலகையில் எழுதாமல் வழுக்கும். எங்கள் கணித வாத்தியார் அதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கி எடுத்து எழுதுவார். அலைச்சத்தத்துக்கு மேலாகக் குரல் எழுப்பிப் பழகியவர்களாதலால் ஹாட்லி ஆசிரியர்கள் எங்கே போனாலும் ஒலிவாங்கி தேவைப்படாது. இன்றைக்கும் ஒரு கூட்டத்தில் பின்வரிசைவரை கேட்கப் பேசுகிற ஆளைக் கண்டால் எந்த ஊர் என்று விசாரிக்கத் தோன்றும்.

மண் பொறியியலில் உலகம் அறிந்த பேராசிரியர் துரைராசா இந்தக் கல்லூரிப் பெடியன்தான். கேம்பிரிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண்ணின் இயல்பு பற்றி அவர் 1963இல் எழுதிய கட்டுரையைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக, மிகக் கஷ்டமான காலத்தில் ஊரிலேயே நின்றவர். ஒரு பக்கம் மணல், கீழே சுண்ணக்கல் என்று கிடக்கிற இந்த நிலத்தில் நடந்து திரிந்தவர் மண்ணைப் படிக்கப் போனார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

கல்லூரி விட்டால் சிலர் நேரே வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் தும்பளை வீதியால் சுற்றிக்கொண்டு தெருமூடி மடத்துக்குப் போவோம். சிவன் கோவிலுக்குக் கிட்ட நிற்கிற இந்த மடத்தைப் பற்றி, காணாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தெரு நடுவால் போகும். இரண்டு பக்கமும் உயரமான கல்திண்ணை, திண்ணைகளில் கல்தூண்கள், அவற்றின் மேலே தெருவையும் சேர்த்து மூடிய கூரை. வழிப்போக்கன் தெருவை விட்டு விலகவே தேவையில்லை. நடந்து வருகிறவன் அப்படியே ஏறி இருக்கலாம். வண்டியும் சைக்கிளும் நடுவால் போய்க்கொண்டே இருக்கும். இதுபோல ஒன்றை நான் வேறெங்கும் காணவில்லை. மத்தியான வெயிலுக்குள்ளால் சைக்கிளில் வந்து அந்த நிழலுக்குள் நுழைந்தால் உடம்பு முழுக்கக் குளிரும். திண்ணைக் கல் ஆட்கள் இருந்து இருந்தே மழமழவென்று ஆகியிருந்தது. மூலையில் ஒரு அப்பு எப்போதும் படுத்திருப்பார். தட்டைவடைப் பொட்டலத்தைப் பிரித்தால் முதல் வடை அவருக்குத்தான். "எந்தப் பகுதி தம்பி?" என்று கேட்பார். அம்மாவின் ஒழுங்கையைச் சொன்னால் போதும், அம்மம்மாவின் தாய்வரை அவர் சொல்லிவிடுவார்.

மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல். எங்கள் தெருக்களில் இவை நாலும் ஒரு குடும்பம். மாடு உடம்பு உரஞ்சக்கூட ஒரு கல் நட்ட ஆட்கள் எங்கள் முன்னோர். சுமைதாங்கி பெரும்பாலும் பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகக் கட்டுவது. வயிற்றுச் சுமையோடு போனவளுக்காக, தெருவில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கட்டும் என்று ஒரு கல். வீதி அகலிக்கும்போது முதலில் பெயர்த்தெறியப்படுவது இந்தக் கல்தான். அதோடு அந்தப் பெண்ணின் கதையும் போய்விடும். அவளுக்கு இருந்த ஒரே நினைவுச்சின்னம் அது.

1984இல் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடமும் எரிக்கப்பட்டன. அப்புறம் அந்தப் பகுதி நீண்டகாலம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. எங்களுக்குப் பிறகு படித்த தம்பிமாருக்கு, நாங்கள் பந்து பொறுக்க ஓடித்திரிந்த கரையே எட்டாத இடம். 2004 மார்கழியில் கடலும் ஏறி வந்தது. இத்தனைக்கும் பிறகு அதே இடத்தில் மணி அடிக்கிறது என்றால், போகாமல் நின்று படிப்பித்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரி, சங்கத்திடம் ஒன்று கேட்கவேண்டும். ஒவ்வொரு முறை காசு சேரும்போதும் புது வளைவு, புதுக் கட்டடம், கொடுத்தவர் பெயர்ப் பலகை என்றே பேச்சு வருகிறது. புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பங்கைப் பழையவற்றின் பராமரிப்புக்கென்று ஒதுக்குங்கள். உப்புக்காற்றுப் படும் சுவருக்குச் சீமெந்தைப் பூசி மூடினால் உள்ளே ஈரம் தங்கிக் கல் உதிரும். பழைய சுண்ணாம்புச் சாந்துதான் அதற்குச் சரி. அதைக் குழைக்கத் தெரிந்த மேசன்மார் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படிப்பட்டவரை அறிந்தால் சங்கத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

இன்னொன்று, பழைய படங்கள். வகுப்புப் படம், விளையாட்டுப்போட்டிப் படம் என்று எதுவானாலும் பின்பக்கத்தில் ஆண்டையும் கட்டடத்தையும் எழுதி, செயலாளருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எரிவதற்கு முன் நூலகத்தின் உள்ளே எடுத்த படம் ஒன்றை நான் பலரிடம் கேட்டும் இதுவரை கிடைக்கவில்லை. யாருடைய அலுமாரியிலாவது இருக்கும்.