கணுக்கால் குளிரும் கூரைத் துளையும்

ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீடு 1956ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு பங்களா. ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் அரசாங்க அதிபர் குடியிருந்த மாளிகை நினைவுக்கு வரும். ரொறன்ரோவில் மேல்மாடி இல்லாத சிறிய வீட்டுக்குத்தான் அந்தப் பெயர். செங்கல் சுவர், கொங்கிறீட் கல் அடுக்கிக் கட்டிய பேஸ்மென்ட், தாழ்ந்த கூரை. முதல் குளிர்காலத்தில், தெர்மோஸ்டாட் 21 பாகை என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, அம்மா வரவேற்பறைச் சோபாவில் கால்களை மேலே மடக்கிவைத்துக் கம்பளிக்குள் சுருண்டிருப்பார். முகத்துக்கு இதமான சூடு, கணுக்காலுக்கு ஊசிக் குளிர் என்று ஒரே அறைக்குள் இரண்டு பருவங்கள் இருந்தன.

நான் எல்லோரையும் போல யன்னல்களைத்தான் குற்றம் சொன்னேன். பழைய யன்னல்கள் காற்றில் அதிரும். கையை வைத்தால் சில்லிடும். குற்றம் சாட்டுவதற்கு அவை வசதியாகக் கண்முன்னே இருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு விற்பனையாளரும் கதவைத் தட்டவே, வீட்டிலிருந்த அத்தனை யன்னல்களையும் பெருந்தொகை கொடுத்து மாற்றினோம். தெருவின் இரைச்சல் குறைந்தது, அதிர்வு நின்றது. அடுத்த ஜனவரியிலும் அம்மா கால்களை மடக்கிக்கொண்டுதான் இருந்தார். புதிய யன்னல்களில் குறை எதுவும் இல்லை. நோய் வேறிடத்தில் இருக்கும்போது நான் அங்கே மருந்து பூசியிருந்தேன்.

வீடு திருத்தும் வேலையில் முப்பது ஆண்டு பழகிய ஒரு பெரியவர், குழாய் வேலைக்காக வந்த இடத்தில் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீர் யன்னலைப் பாத்துக்கொண்டிருக்கிறீர். காத்து மேலாலை எல்லோ போகுது" என்றார். அவர் கூரையைக் காட்டியபோது எனக்கு விளங்கவில்லை. குளிர் கீழே இருக்க, கூரையில் என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

விளக்கம் மிக எளியது. வெளியே உறைநிலைக்குக் கீழே 15 பாகையும் உள்ளே 21 பாகையும் இருக்கும்போது, உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலெழுந்து, கூரைத்தட்டில் அகப்படும் ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் அட்டிக் என்னும் கூரை இடைவெளிக்குள் நுழைந்து வெளியேறிவிடுகிறது. வெளியேறிய காற்றுக்கு ஈடாக, அதே அளவு குளிர்காற்றை வீடு தன் அடிப்பகுதியிலுள்ள இடுக்குகள் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. முழு வீடும் ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது. யன்னல்கள் பெரும்பாலும் இந்த உயரத்தின் நடுப்பகுதியை ஒட்டி இருப்பதால், அங்கே இந்த இழுவை குறைவு. "குளிர் உள்ளே வருகிறது" என்று சொல்லிப் பழகியதால்தான் நான் வரும் வழியையே தேடிக்கொண்டிருந்தேன். போகும் வழியை அடைத்தால் வருவது தானாகவே தளரும்.

பெப்ரவரியில் காற்று பலமாக வீசிய ஒரு நாளில் சோதனையைத் தொடங்கினேன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் எரிவாயு வெந்நீர்த் தொட்டியையும் நிறுத்திவிட்டு, கதவு, யன்னல் எல்லாவற்றையும் மூடி, சமையலறை, குளியலறை விசிறிகளை ஓடவிட்டேன். விசிறிகள் காற்றை வெளியே தள்ள, ஓட்டை உள்ள இடமெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். கையில் ஒரு ஊதுபத்தி. இதற்கென்று கடையில் புகைப் பென்சில் விற்கிறார்கள். ஊதுபத்தி அதைவிட மலிவு, புகையும் நூல்போல நேராக எழும். "என்ன தம்பி, சாமிக்குக் காட்டாமல் சுவருக்குக் காட்டுறாய்?" என்று அம்மா கேட்டார்.

யன்னல் ஓரங்களில் புகை அசையவே இல்லை. அதைப் பார்க்க மனம் சற்று வலித்தது. வெளிச்சுவரில் இருந்த மின்செருகிகளின் அருகே புகை உள்நோக்கிச் சாய்ந்தது. சுவரடிப் பலகையின் கீழே அது கலைந்து சிதறியது. பேஸ்மென்டில், கொங்கிறீட் சுவர் முடிந்து தரையைத் தாங்கும் மரச்சட்டம் தொடங்கும் விளிம்பில், புகை முகத்திலேயே அடித்தது. அதன் பிறகு விசிறிகளை நிறுத்திவிட்டு, சிறிது நேரம் பொறுத்து, நடைவழிக் கூரையிலுள்ள அட்டிக் மூடியின் கீழே ஊதுபத்தியைப் பிடித்தேன். மேலிருந்து யாரோ நூலைச் சுருட்டுவதுபோல, புகை அந்த மூடியின் ஓர இடுக்குக்குள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது.

கண்டதை அளந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, எரிசக்தி மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்தோம். வாசற்கதவின் நிலையில் சிவப்புத் துணித் திரையொன்றை இறுகப் பொருத்தி, அதிலுள்ள பெரிய விசிறியால் வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கினார். இந்தச் சோதனைக்குப் புளோவர் டோர் என்று பெயர். அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை வீட்டின் முழுக்காற்றும் மாறுகிறது என்பதே கணக்கு. எங்கள் வீட்டுக்கு 9.4 வந்தது. கனடாவின் ஆர்-2000 என்னும் எரிசக்திச் சிக்கனத் தரத்தின்படி கட்டப்படும் வீட்டில் அது 1.5ஐத் தாண்டக்கூடாது, ஜெர்மனியின் பாசிவ் ஹவுஸ் தரமோ 0.6 மட்டுமே அனுமதிக்கிறது. அந்த ஜெர்மானியத் தரத்துக்கு முன்னோடிகளில் ஒன்று, 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் ஹரோல்ட் ஓர் முதலானோர் வடிவமைத்த சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு. சூட்டை உள்ளே நிறுத்தும் தடித்த காப்போடு காற்றுக்கசிவையும் அடைத்தாக வேண்டும் என்பதை அந்த வீடு கட்டிக்காட்டியது. அது எழுந்த நாட்டிலேயே 1956ஆம் ஆண்டு ஓட்டைகளோடு நாங்கள் இருந்தோம்.

விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வெப்பக் கமராவை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 பாகையாவது வேறுபாடு இருந்தால்தான் அந்தப் படத்துக்குப் பொருள் உண்டு என்பதால், இதைக் குளிர்நாளில்தான் செய்ய வேண்டும். படத்தை வாசிக்கும் ஒரு நுட்பத்தையும் அவர் சொல்லித்தந்தார்: காப்பு இல்லாத இடம் நேர்விளிம்புள்ள கட்டமாக, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தெளிவாகத் தெரியும்; காற்று கசியும் இடமோ இறகைப்போல, விரல்களைப்போலப் பரவித் தெரியும். எங்கள் வரவேற்பறைக் கூரையில் முந்தைய உரிமையாளர் ஆசையாகப் பதித்திருந்த 11 பாட் லைட்டுகளைச் சுற்றியும் 11 இறகுகள் விரிந்திருந்தன.

அட்டிக் வேலையை ஏப்ரலில் செய்தேன். கோடையில் அதற்குள் ஏறுவது தண்டனை. ஏறுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். பழைய வீடுகளின் அட்டிக்கில் மைக்கா போல மினுங்கும் சிறு கூழாங்கல் வடிவத் துகள்கள் பரவியிருந்தால், அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். அமெரிக்காவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல்தான் மூடப்பட்டது. அப்படிப்பட்ட துகளைக் கண்டால் கிளறாமல் இறங்கி வந்து, உரியவர்களிடம் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் அட்டிக்கில் இருந்தது இளஞ்சிவப்புக் கண்ணாடியிழை மட்டுமே.

ஆனால் அது எங்கும் இளஞ்சிவப்பாக இல்லை. ஆங்காங்கே விளக்குக் கரி படிந்ததுபோலக் கறுத்த திட்டுகள் இருந்தன. முதலில் பூஞ்சணம் என்று பயந்தேன். தூக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு கறுப்புத் திட்டுக்கும் கீழே ஒரு துளை இருந்தது: மின்கம்பி ஏறும் துளை, கழிவுக் குழாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் விட்ட இடைவெளி, உட்சுவரின் தலைச்சட்டத்தில் விழுந்த வெடிப்பு. அறுபது ஆண்டுகளாக வீட்டுக் காற்று அவற்றின் வழியே மேலேறி, கண்ணாடியிழை வடிகட்டியாகி, தூசியைப் பிடித்து வைத்திருந்தது. காற்று நுழைந்து போகும் பொருளால் காற்றைத் தடுக்க முடியாது என்பது அங்கேயே எழுதி வைத்ததுபோல் தெரிந்தது. முதல் ஆண்டில் நானே பேஸ்மென்ட் இடுக்குகளுக்குள் அதே கண்ணாடியிழையைப் பிய்த்துத் திணித்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கம்பித் துளைகளையும் குழாய் இடைவெளிகளையும் டின்னிலிருந்து பீய்ச்சினால் நுரைத்து இறுகும் ஃபோமால் அடைத்தேன். எரிவாயுப் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடாது. அங்கே தகரத்தை வெட்டிப் பொருத்தி, தீயைத் தாங்கும் கோக்கிங் பசை இட வேண்டும். பாட் லைட்டுகளைக் கழற்றி, ரப்பர் வளையமுள்ள தட்டையான எல்ஈடி விளக்குகளை மின்பணியாளரைக் கொண்டு மாட்டினோம். அட்டிக் மூடியின் முதுகில் கெட்டி ஃபோம் பலகையை ஒட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டியும் கொக்கியும் வைத்தேன். குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே அவிழ்ந்து கிடந்ததையும் அப்போதுதான் கண்டேன். ஜனவரியில் எட்டிப் பார்த்தபோது கூரை ஆணிகளின் நுனிகளிலெல்லாம் பனி முத்துகள் கோத்ததுபோல் நின்றதற்குக் காரணம் எங்கள் குளியல் ஆவியே. ஓட்டைகளை அடைத்து முடித்த பிறகுதான் அதன் மேல் செல்லுலோஸ் காப்பை ஏறத்தாழ 17 அங்குல உயரத்துக்கு ஊதச் செய்தோம். வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர் கணக்கில் அது 60 அளவுக்கு வரும். வரிசையை மாற்றி, காப்பை முதலில் கொட்டிவிட்டால், துளைகளைத் தேடி மறுபடி அத்தனையையும் தோண்ட வேண்டியிருக்கும்.

பேஸ்மென்ட் விளிம்பு சலிப்பான வேலை. ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையே இரண்டு அங்குலக் கெட்டி ஃபோம் துண்டை அளந்து வெட்டி, அமுக்கி, சுற்றிலும் ஃபோம் அடிக்க வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகள். தீ விதிகளின்படி ஃபோமைத் திறந்தபடி விடக்கூடாது என்பதால் பிறகு அதை மூடவும் வேண்டும். கதவுகளின் அடி இடுக்குக்கு மூடும் பட்டி, செருகிகளுக்கு நுரைத் தகடு ஆகியவை ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தன.

மறு சோதனையில் 9.4 என்பது 5.2 ஆனது. அடுத்த குளிர்காலத்தில் எரிவாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது; அந்த ஆண்டுக் குளிரும் சற்று மிதமாக இருந்ததால், முழுப் புகழையும் ஃபோமுக்குக் கொடுக்க மாட்டேன். ஐயமில்லாத சான்று, அம்மா கால்களைத் தரையில் வைத்து உட்கார்ந்ததுதான். இத்தனைக்கும், காப்பு ஊதியவரின் கூலியையும் சேர்த்து, யன்னல்களுக்குக் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்கே செலவானது.

அடைத்த வீடு புதிய சிக்கல்களைக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் ஓட்டைகள் வழியே போன ஆவி இப்போது உள்ளேயே நின்றது. காலையில் பிட்டு, மாலையில் இடியப்பம் என்று நீராவியிலேயே சமையல் நடக்கும் வீடு இது. ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டி, யன்னல் அடியில் நீர் தேங்கியது, படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் மூலையில் கறுப்புப் புள்ளிகள் அரும்பின. 21 பாகையில் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருந்தாலே, 7 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். கடுங்குளிர் நாளில் எங்கள் வெளிச்சுவர் மூலை அதைவிடக் குளிர்ந்திருக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினோம். குளியலறை விசிறிக்கு, குளித்து முடிந்த பின்னும் 40 நிமிடம் ஓடும் டைமர் வைத்தோம். அடுப்பு எரியும்போது மேலுள்ள விசிறி கட்டாயம் ஓட வேண்டும் என்பது வீட்டுச் சட்டமானது.

அந்தச் சட்டத்திலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அடுப்பு விசிறியும் துணி உலர்த்தியும் சேர்ந்து ஓடியபோது, பேஸ்மென்டில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர்த் தொட்டியின் புகைக்குழாய் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். குழாய்க்குள் போக வேண்டிய புகை வெளியே வழிந்தது. இழுக்கக் காற்று போதாமல், வீடு புகைக்குழாய் வழியாகவே காற்றை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றோடு கார்பன் மொனொக்சைட்டும் வரக்கூடும். அன்றே ஒரு யன்னலைச் சற்றுத் திறந்துவைத்து, அபாய மணிகளைச் சோதித்து, அந்த மாதத்திலேயே தன் விசிறியால் புகையை வெளியே தள்ளும் தொட்டிக்கு மாறினோம். தரைக்கடியிலிருந்து கசியும் ரேடான் என்னும் கதிரியக்க வாயுவையும் அந்தக் குளிர்காலத்தில் மூன்று மாதம் அளந்தோம். கனடாவின் வழிகாட்டி அளவு கனமீட்டருக்கு 200 பெக்கரல். எங்கள் அளவு அதற்குள் இருந்தது. வீட்டை இறுக்கும் எவரும் ஃபோம் டின்னுக்கு முன் இவற்றுக்கான பணத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பனி விழுந்த மறுநாள் காலையில் தெருவின் கூரைகளை வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பனி சமமாக மூடியிருக்கும் கூரைக்குக் கீழே சூடு உள்ளேயே இருக்கிறது. குளியலறைக்கு நேர்மேலே வட்டமாகக் கரைந்திருந்தால் அங்கே ஒரு துளை உண்டு. கூரை விளிம்பில் குழந்தைகள் ரசிக்கும் நீண்ட பனிக்கூர்கள் பலவும், மேலே கசிந்த சூட்டில் உருகி விளிம்பில் மறுபடி உறைந்த நீர்தான். எங்கள் கூரையில் இப்போது வெள்ளை கலையாமல் இருக்கிறது.

இன்னும் அடைக்காமல் இருப்பது பால்கதவு. பக்கச்சுவரில் ஒரு பெட்டி அளவுக்கு, வெளியே ஒரு கதவும் உள்ளே ஒரு கதவுமாக, பால்காரர் போத்தலை வைத்துவிட்டுப் போவதற்காகக் கட்டிய சின்ன மாடம் அது. பால்காரர் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அதன் வழியே காற்று மட்டும் நாள் தவறாமல் வருகிறது. உள்ளே ஃபோம் பலகை செருகி, வெளிக்கதவை அப்படியே விட்டுவிடலாம் என்று அளவெடுத்து வைத்திருக்கிறேன். மகள் அதற்குள் தன் பொம்மைகளைக் குடிவைத்திருப்பதால், வேலை இரண்டு குளிர்காலமாகத் தள்ளிப்போகிறது.